நாற்காலியை எங்கே வைப்பது?

2023 ஜூலை 15, சனிக்கிழமை. விடியுமுன் எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பது என் வழக்கம், அன்றும் முடிந்தது. இரண்டு ரொட்டி, முதல் நாள் மிஞ்சிய சம்பல், சீனி போடாத தேத்தண்ணீர். பிறகு நாடகப் பையைக் கொட்டி மறுபடி அடுக்கினேன்: சோக்குக்கட்டி, நூல்பந்து, சிறிய சுத்தியல், ஆணி, சேப்டி பின், இஞ்சி டொபி. போட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இந்தப் பையை இப்படித்தான் அடுக்குவேன். அன்று அதில் எதுவும் உதவவில்லை, டொபியைத் தவிர.

நாடகமும் அரங்கியலும் கற்பிக்கப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கிறீர்கள். ஒரு பாத்திரத்தின் மனநிலையை மேடைவெளியில் எப்படிக் காட்டுவது என்று என்னிடம் கேட்டீர்கள். மேடையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, எது வலுவான கட்டம், எது பலவீனமானது என்று குறித்த வரைபடம் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கற்பியுங்கள். பரீட்சைக்கு உதவும். மேடையில் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குப் பதிலாக அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நான் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றுவரை என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எனக்கு அரங்கியல் கற்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொன்னால் கோபிப்பார், விட்டுவிடுகிறேன். பயிற்சிக்காக நாங்கள் ஒரு காட்சி செய்தோம். மகனைப் பறிகொடுத்த ஒரு தபால்காரர். நான் அவரை மேடையின் பின்மூலையில், சுவரைப் பார்த்தபடி, மங்கிய வெளிச்சத்தில் நிறுத்தினேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்குப் பெருமை.

"ஏன் ஐசே இவரை மூலைக்க விட்டனீர்?" என்றார் அவர்.

"துக்கத்துல இருக்கார் சேர்."

"துக்கம் வந்தால் மனுசர் எல்லாரும் மூலைக்கோ போறவை? உம்மட துக்கத்தில நீர் எங்க நிண்டனீர்?"

யோசித்துப் பார்த்தேன். என் அப்பா இறந்த அன்று நான் வாசலின் நட்டநடுவில் நின்று, வாங்குகளை எங்கே போடுவது, கூடாரத்தை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தபால்காரரைக் கையைப் பிடித்து மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். முழு வெளிச்சம். எங்கள் எல்லோரையும் அவரைச் சுற்றி நடக்கவிட்டார். ஒருவர் முத்திரை கேட்டார், ஒருவர் சில்லறை கேட்டார், ஒருவர் மழை வருமா என்றார். யாரும் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"இப்ப சொல்லும், எங்க நிக்கேக்க கூடுதலாத் தனிய நிண்டவர்?"

இது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

எங்கள் பாடசாலை ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. அந்த வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதிய நாடகம், 'அம்மா வந்தாச்சு'. கதை சின்னது. ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்த ஒரு தாய் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வருகிறாள். புருசன், இரண்டு பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் அவள்மேல் உயிர். ஆனால் அவள் இல்லாமல் அந்த வீடு நடக்கப் பழகிவிட்டது. கடைசியில் மூத்த மகள் தன் துப்பட்டாவால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்கிறாள். தாய் உட்காருகிறாள். விளக்கு அணைகிறது.

நாற்காலிக்கு அங்கே என்ன வேலை என்று தோட்டத்துப் பக்கம் பழகாதவர்கள் கேட்கலாம். எங்கள் லயங்களில் நாற்காலி என்பது வந்தவருக்கு. கிராம சேவகர் வந்தால், இன்சூரன்ஸ்காரர் வந்தால், என்னைப் போல் வாத்தியார் வந்தால், உள்ளேயிருந்து ஒரு நாற்காலி வெளியே வரும், யாராவது அதைத் துடைப்பார்கள். வீட்டுக்காரர்கள் பாயில், பலகையில், இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைப் படியில் இருப்பார்கள். வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். இதைப் பிள்ளைகள் யோசித்து எழுதவில்லை. தெரிந்ததை எழுதினார்கள்.

மேடை அமைப்பு என் பொறுப்பு. தாயின் மனம் நெருக்கப்படுகிறது, ஆகவே லயத்து அறையான காம்பராவும் நெருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு லயக் காம்பராவை அளந்து, அதே அளவில் ஹார்ட்போர்ட்டிலும் சாக்கிலும் மூன்று சுவர் செய்தோம். அடுப்புக் கரியைக் குழைத்துப் பூசினோம். கொடியில் துணி, தட்டில் சட்டி பானை, மூலையில் விறகு. பிள்ளைகள் திரும்பினால் முழங்கை இடிக்கும். வலயப் போட்டியில் நடுவர் ஒருவர் மேடைக்கே ஏறி, சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தார். கரி ஒட்டியது. முதலிடம் எங்களுக்கு; அடுத்தது மாத்தளையில் மாவட்டப் போட்டி.

தாயாக நடித்தவள் துளசி. உயரமான, அதிகம் பேசாத பிள்ளை. மேடையில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி அவள் வீட்டுடையது. பாடசாலை நாற்காலி மரம், அது அந்த வீட்டுக்குப் பொருந்தாது என்று அவளே கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா சாந்தியும் குவைத்தில்தான் இருந்தார். ஜூலை முதல் கிழமையில், யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒப்பந்தம் முடிந்து வீடு வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒத்திகை. கடைசிக் காட்சியில் மூத்த மகளாக நடித்த நிரோஷா நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றாள். துளசி உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

"சேர், இந்த முடிவ மாத்துவோமா?"

"ஏன் பிள்ள, இப்ப என்ன?"

"அம்மா போட்டிக்கு வர்றாங்க."

"வரட்டுமே. நல்லதுதானே?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வீட்டுல நாங்களும் இதத்தான் சேர் செய்றோம். எங்க நாற்காலி இங்க இருக்குன்னு, பக்கத்து வீட்டு பொன்னம்மா அத்தைகிட்ட ஒன்னு கேட்டு வாங்கிப் போட்டிருக்கோம். அம்மா எந்திரிச்சா, 'நீங்க இருங்கம்மா'ன்னு தங்கச்சி ஓடுவா. அடுப்புப் பக்கம் விடுறதே இல்ல. நல்ல கோப்பையில தேத்தண்ணி. இத்தன வருசம் ஊரான் வீட்டுல வேல செஞ்சாங்க, சும்மா இருக்கட்டும்னுதான் சேர். இங்க நான் உக்காந்தப்பதான் தெரிஞ்சிச்சு."

"என்ன தெரிஞ்சிச்சு?"

"எல்லாரும் கீழ இருக்காங்க. நான் மட்டும் மேல. எறங்கணும் போல இருக்கு. யாரும் எறங்கச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

நிரோஷா சிரித்தாள். "எறங்குங்கம்மான்னு சொல்லவா? வசனத்துல இல்லையே."

துளசி சிரிக்கவில்லை. அம்மாவை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் நாள் தவறாமல் போன் எடுக்கிறாராம். குவைத்தில் அதே வீட்டுக்காரம்மா திரும்பக் கூப்பிடுகிறாராம். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "அம்மா போறேன்னும் சொல்லல, போகலன்னும் சொல்லல. இத பார்த்தாங்கன்னா, நானே அவங்களப் போகச் சொன்ன மாதிரி ஆயிரும் சேர்."

எழுத்துப் பிரதி நடுவர்களிடம் போய்விட்டது, வசனத்தில் ஒரு சொல் மாறினாலும் புள்ளி வெட்டுவார்கள் என்றேன். அது உண்மை. அந்த முடிவு சரியான முடிவு என்பதும் உண்மை. பிறகு, "நாடகத்தப் பார்த்தா ஒரு தாய் முடிவெடுக்கப் போறாங்க?" என்றேன்.

"நீங்க எங்கம்மாவப் பார்த்ததில்ல சேர்" என்றாள் துளசி.

"பார்க்கலாம்" என்று சொல்லி ஒத்திகையை முடித்தேன். வேறு சொல் கிடைக்காதபோது நாம் எல்லோரும் சொல்லும் சொல் அது.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் மேலிருந்து வந்த பஸ்ஸில் ரத்தோட்டையில் நான் ஏறிக்கொண்டேன். சுவர்கள் தோட்டத்து லொறியில் பின்னால் வரும் என்று ஏற்பாடு. நாற்காலி மட்டும், ஆணி குத்திவிடக் கூடாதென்று, பஸ்ஸில் வந்தது. பஸ்ஸுக்கு நடுவில் அது சிவப்பாக நின்றது.

"மாஸ்டர், இந்த ஆளுக்கும் டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர். சிங்களவர், எங்கள் வழியில் ஓடி ஓடித் தமிழில் கேலி செய்யும் அளவுக்குத் தேறியிருந்தார்.

துளசியின் அம்மாவை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். புதுக் கைப்பை, மடித்த குடை, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. சின்ன மகள் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தாள். வழியில் ஒரு வயதான அம்மா ஏறியதும் அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். "நீங்க ஏம்மா எந்திரிக்கிறீங்க, நான் எந்திரிக்கிறேன்ல" என்று மகள் சண்டைக்கு வந்தாள். அவர் காதில் வாங்கவில்லை. வளைவுகளில் நாற்காலி வழுக்கிப் போகாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மேல்கம்பியைப் பிடித்து நின்றார்.

"அக்கா, புட்டுவ சும்மாதானே இருக்கு? உக்காருங்க" என்றார் கண்டக்டர், நாற்காலியைச் சிங்களத்தில் சொல்லி.

"உக்காந்தாச்சு தம்பி. வந்த நாள்லேர்ந்து உக்காந்துக்கிட்டேதான் இருக்கேன்."

பஸ்ஸில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மாத்தளை வரும்வரை நின்றுகொண்டே வந்தார், காலியான நாற்காலியைப் பிடித்தபடி.

மண்டபத்தில் எங்கள் முறை வர இன்னும் இரண்டு நாடகங்கள் இருந்தன. அப்போது லொறிச் சாரதியின் போன்.

"சேர், காத்துக்கு டர்பன்டைன் மரம் ஒன்னு ரோட்டுக்குக் குறுக்கால விழுந்து கெடக்கு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மேல வர்ற பஸ்சு. வெட்டி எடுக்க மத்தியானமாகும்."

"சுவர் நனையாம பார்த்துக்கங்க" என்றேன். 

பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பாடசாலை மண்டபத்தின் மேடையைப் போல் பல மடங்கு. கறுப்புத் திரை, வெறும் பலகைத் தளம். எங்களுக்கு முந்தியவர்கள் தங்கக் காகிதம் ஒட்டிய ஓர் அரண்மனையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"செவுரே இல்லாம எப்பிடி சேர் லயம்?" என்றாள் நிரோஷா.

"சோக்குல கோடு போடுவோம்" என்றான் தகப்பனாக நடித்தவன்.

நானும் அதையே நினைத்துப் பையில் கையை விட்டிருந்தேன். ஆனால் மண்டபத்தில் சனம் இருப்பது தளத்தைவிடத் தாழ்வில். தரையில் போடும் கோடு யாருக்கும் தெரியாது. நூலைக் கட்டலாமா என்று ஒரு கணம் யோசித்து, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு டொபி கொடுத்துவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

இதை உங்களுக்கு வலியுறுத்திச் சொல்கிறேன். கையில் நேரம் குறைவாக இருக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். அங்கே நின்றால் இல்லாததெல்லாம் பெரிதாகத் தெரியும். கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் இருப்பது தெரியும்.

அரண்மனை நாடகம் முடிந்து, கழற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பிள்ளைகளில் யாரோ நாற்காலியைக் கொண்டுபோய் மேடையில் சும்மா வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய வெறுமையில் ஒரு சிவப்பு நாற்காலி. அதைச் சுற்றி இடம், இடம், இடம். காலையில் பஸ்ஸில் பார்த்த கை நினைவுக்கு வந்தது. கலாசாலைக்காரரின் குரலும் வந்தது: நீர் எங்க நிண்டனீர்?

அந்தத் தாய்க்கு இடம் இல்லாதது அல்ல பிரச்சினை. எல்லோரும் விலகி விலகி அவளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அவ்வளவு இடம் விட்டதால் பக்கத்தில் ஒருவருமில்லை. என் சுவர்கள் மூன்றும் அவளைப் பிள்ளைகளோடு முழங்கை இடிக்க வைத்திருந்தன. அவளுக்கு வேண்டியதையே நான் கொடுத்து வைத்திருந்தேன். கரி ஒட்டுகிறதே என்று எல்லோரும் மெச்சினோம்.

பின்மேடைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். இடது பக்கம் ஒரு பாய். யாரோ சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாய், கேட்டு வாங்கினோம். புருசனும் இரண்டு மகள்களும் அதில், முழங்கால் தொட. நாற்காலி வலது பக்கம், தூரத்தில். நடுவில் ஒன்றுமில்லை. வசனம் எல்லாம் அதேதான். ஒருவர் எழுந்து போய்த் தாய்க்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும், பாய்க்குத் திரும்ப வேண்டும். இன்னொருவர் தலையணை கொண்டுபோக வேண்டும், திரும்ப வேண்டும்.

"நடுவுல உள்ள வெறும் பலகைதான் இன்னைக்கு நம்ம செவுரு" என்றேன். நிரோஷாவுக்கு உடனே பிடிபட்டது. "ஐயோ சேர், தேத்தண்ணியத் தூக்கிட்டு ரிவர்ஸ்டனுக்கு நடக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

துளசி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முடிவு சேர்?"

அவள் அம்மா முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திரைக்கிடையே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இறங்கிப் பாயில் உட்கார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அம்மாவும் மகளும் சந்தோசப்படுவார்கள், சனம் கைதட்டும். ஆனால் மேடையில் ஒருவரை ஆறுதலுக்காக நகர்த்தினால், பார்ப்பவருக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். அதிலும் அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் பார்க்கும்போது.

"நிரோஷா துடைப்பா. உக்காருங்கம்மான்னு சொல்லுவா. அதோட எழுத்துப் பிரதி முடிஞ்சிருச்சு" என்றேன். "அதுக்குப் பிறகு லைட் அணையிற வரைக்கும் உள்ள நேரம் உன்னுடையது. நான் கை காட்டுற வரைக்கும் அணைக்க மாட்டாங்க. அந்தத் தாய் எங்க இருப்பாளோ அங்க இரு."

"நாற்காலியிலயே இருந்தா?"

"இரு. உங்கம்மாவுக்காக எறங்காத. நாடகத்துல உள்ளவ எறங்கினா எறங்கு." மற்ற மூவரையும் பார்த்து, "உங்களுக்கும் அதேதான்" என்றேன்.

"எங்களுக்கு என்ன சேர்? நாங்க பாயிலதானே?" என்றாள் சின்ன மகளாக நடித்த சங்கீதா.

"பாயில இருந்தா ஒன்னும் நடக்காதுன்னு யார் சொன்னது?"

நாடகம் நன்றாகவே போனது. தேத்தண்ணீரோடு நிரோஷா அந்த வெறும் பலகையைக் கடந்து நடந்தபோது, முதலில் சிரித்த சனம் இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.  கடைசியில் துப்பட்டா, துடைப்பு, "உக்காருங்கம்மா." துளசி உட்கார்ந்தாள். நிரோஷா பாய்க்குத் திரும்பினாள்.

விளக்கைக் கவனித்தவர் பக்கத் திரையோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தவில்லை.

துளசி உட்கார்ந்தே இருந்தாள். கைகள் மடியில். அவள் இறங்கப் போவதில்லை என்றே நினைத்தேன். அதுவும் சரிதான் என்று கையைத் தூக்கப் போன நேரத்தில் அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கினாள். மெதுவாக, யாருக்கும் சத்தம் கேட்காமல் வைக்க வேண்டும் என்பதுபோல், மேடையின் ஓரத்தில் திரையோடு ஒட்டி வைத்தாள். திரும்பி அந்தப் பலகையைக் கடந்து பாய்க்கு வந்தாள்.

பாயில் இடமில்லை. மூவரையும் நெருக்கி உட்காரவைத்தவன் நான்தானே. அவள் நின்றாள். இது ஒத்திகையில் இல்லாதது. மூவரும் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். 

சங்கீதா ஒரு சாண் நகர்ந்தாள்.

அவ்வளவுதான். என் பழைய காம்பராவில் அந்த ஒரு சாணை முதல் வரிசைகூடக் கண்டிருக்காது. அந்தப் பெரிய வெறும் மேடையில் அது கடைசி வரிசைவரை போனது. மண்டபம் முழுவதும் ஒரு மூச்சு கேட்டது. துளசி பாதி பாயிலும் பாதி பலகையிலுமாக உட்கார்ந்தாள். நான் கையை உயர்த்தினேன்.

அந்த நேரத்தில் அவள் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை.

எங்களுக்கு இரண்டாம் இடம். மாகாணப் போட்டிக்கு முதலிடம் மட்டும்தான் போகும்; அரண்மனைக்காரர்கள் போனார்கள். நடிப்புக்கு நல்ல புள்ளி. மேடை அமைப்புக்கு ஆகக் குறைந்த புள்ளி எங்களுக்குத்தான்.

"இல்லாத செவுத்துக்கு எப்பிடி சேர் மார்க்ஸ் போடுவாங்க?" என்று நிரோஷா எனக்கு ஆறுதல் சொன்னாள். பஸ்ஸில் கொஞ்சத் தூரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு சங்கீதா, "நான் நகரலன்னா இவ இன்னைக்கு ராத்திரி முழுக்க நின்னிருப்பா" என்றாள். அதற்குமேல் அவர்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைத்ததில் பெரும்பகுதி இதில் வந்துவிட்டது. மேடையில் சுவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மரம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தின் மனதைச் சொல்வது அவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரத்தை வைத்தது யார், அன்பாலா, பயத்தாலா, வெறும் பழக்கத்தாலா என்று முதலில் கேளுங்கள். பிறகு நாற்காலியைத் தூக்குங்கள். அந்தத் தூரம் குறையும் இடத்தை மட்டும் நீங்கள் முன்கூட்டியே சோக்கால் குறித்துவிடாதீர்கள். அதை நடிப்பவருக்கு விடுங்கள். பயமாகத்தான் இருக்கும்.

ரத்தோட்டையில் மேலே போகும் பஸ் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளே ஒருவர் காலில் ஒருவர் நின்றார்கள், நாற்காலிக்கு இடமில்லை. நான் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். துளசியின் அம்மா ஜன்னல் வழியாக, "அவசரமில்ல சேர், மெதுவா குடுங்க" என்றார். நாடகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. துளசி என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேத்தலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. முதல் வேலையாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். மரத்தை வெட்டி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தோட்டத்தில் இறங்கியபோது பனிமூட்டம் இன்னும் கலையவில்லை.

துளசி இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா எங்க?"

"விடிஞ்சதும் மொத வேலையா பொன்னம்மா அத்தையோட நாற்காலியக் கொண்டு போய்க் குடுக்கப் போனாங்க சேர். இன்னும் காணோம். கத பேசிக்கிட்டிருப்பாங்க."

அவள் குரலில் இருந்த சந்தோசத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதற்குள் அவர் லயத்துக் கோடியிலிருந்து வந்தார். தலை சீவவில்லை, தோளில் ஒரு அழுக்குத் துவாய், வெறும் கை. என்னையும் சிவப்பு நாற்காலியையும் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ சேர், ஒன்ன அனுப்பிட்டு வந்தா நீங்க ஒன்னத் தூக்கிட்டு வர்றீங்க!"

"உங்களோடதுதானே. வாங்கிக்கங்க."

"போடுங்க, இங்கயே போடுங்க. நீங்க உக்காருங்க." தோள் துவாயால் நாற்காலியைத் துடைத்தார். உள்ளே எழுந்த சின்ன மகளை, "நீ இரு, நான் ஊத்துறேன்" என்று அடக்கினார். விறகு முறிபடும் சத்தம், பிறகு புகை. அடுப்படியிலிருந்தே பேசினார்.

"நாடகம் நல்லா இருந்துச்சு சேர். ஆனா அந்தப் பொம்பள ரொம்ப நேரம் நாற்காலியிலயே இருந்துச்சு. முதுகு வலிச்சிருக்கும்."

போன் அடித்தது. துளசி எடுத்துப் பார்த்தாள். "அம்மா, ஏஜென்சி."

"அம்மா அடுப்புல வேலையா இருக்காங்கன்னு சொல்லு."

"திரும்ப எப்ப எடுக்கணும்னு கேப்பாரே."

"எடுக்க வேணாம்னு சொல்லு. நாளைக்கு விடிய நான் பெரட்டுக்குப் போய்ப் பேர் பதியணும். அங்க போன் பேச நேரமிருக்காது."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். துளசி அதை ஒரு சொல் விடாமல் போனில் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

தேத்தண்ணீர் வந்தது. எனக்கு நல்ல கோப்பையில், தட்டோடு. அவருக்கு ஒரு தகரக் கோப்பை. அதை எடுத்துக்கொண்டு அவர் துளசிக்குப் பக்கத்தில் வந்தார். அவள் நகர்ந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் இருந்தேன். அந்த வீட்டில் அன்று வெளியாள் நான் ஒருவன்தான்.